முதலில் அட்டவணை, அப்புறம்தான் தண்டவாளம்: சுவிஸ் ரயில் ஓடும் கணக்கு

பெர்ன் நகருக்கு வெளியே ஒரு சின்ன ஊரில், நண்பன் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். ஒருநாள் காலை அவன் அப்பாவிடம், "ஐயா, பெர்னுக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்து, உணவகச் சமையலறைகளில் முப்பது வருடம் நின்று, இப்போது ஓய்வில் இருப்பவர். கைப்பேசியை எடுக்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஏழு, முப்பத்தேழு" என்றார். ஏழு மணி முப்பத்தேழு நிமிடமா என்று நான் முழித்தேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, இஞ்ச மணியை ஞாபகம் வைக்கத் தேவையில்லை, நிமிசத்தை ஞாபகம் வச்சாக் காணும்" என்றார்.

ஆறு மணியானாலும் சரி, பதினொன்றானாலும் சரி, மாலை நாலானாலும் சரி, 7 நிமிடம் ஆனதும் ஒரு ரயில், 37 நிமிடம் ஆனதும் இன்னொன்று. ஊருக்கு ஊர் நிமிடம் மாறும், ஆனால் ஒரு ஊருக்குள் நாள் முழுக்க அதே நிமிடம்தான். சுவிட்சர்லாந்துப் போக்குவரத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பனிமலைக்கு முன்னால் போகும் சிவப்பு ரயிலையோ, ஆல்ப்ஸைக் குடைந்த சுரங்கத்தையோ காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு என்னவோ இந்த "ஏழு, முப்பத்தேழு"தான் அந்த நாட்டின் மிகப் பெரிய கட்டுமானம் என்று தோன்றுகிறது.

சுவிஸ்காரர்களுக்கு நேரம் தவறாமை ரத்தத்திலேயே ஊறியது, கடிகாரம் செய்கிற ஊர் அல்லவா, அதனால்தான் ரயிலும் அப்படி ஓடுகிறது என்று ஒரு பேச்சு உண்டு. சும்மா சொல்வது. 1982 வரைக்கும் அங்கேயும் அட்டவணை மற்ற நாடுகளில் இருந்த மாதிரிதான் இருந்தது: காலையில் நாலு ரயில் அடுத்தடுத்து, அப்புறம் இரண்டு மணி நேரம் ஒன்றும் கிடையாது, மாலையில் மறுபடி கூட்டமாக. அதுவும் போக அறுபதுகளில் கார்கள் பெருகி, நெடுஞ்சாலைகள் வந்து, ரயிலைவிட்டு ஆட்கள் விலகத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் சுவிஸ் கூட்டாட்சி ரயில்வேயில் வேலை பார்த்த சில இளம் பொறியாளர்கள், அலுவலக நேரத்துக்கு அப்புறம் கூடி, நாட்டின் மொத்த அட்டவணையையும் புதிதாக வரைந்து பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு 'ஸ்பின்னர் கிளப்' என்று பெயர். தமிழில் சொன்னால் கிறுக்கர் சங்கம். அதில் முக்கியமானவர் சாமுவேல் ஷ்டேலி. 1972-இல் இவர்கள் எழுதிய அறிக்கை நாடு முழுவதற்கும் ஒரே தாளத்தில் ஓடும் அட்டவணையை முன்வைத்தது. யோசனை முழுக்க அவர்களுடையது என்று சொல்ல முடியாது, நெதர்லாந்து 1970-லேயே அப்படி ஒன்றைத் தொடங்கிவிட்டது. ஆனாலும் மேலதிகாரிகளைச் சம்மதிக்க வைக்கப் பத்து வருடம் பிடித்தது. 1982 மே 23 அன்று 'ஒவ்வொரு மணிக்கும் ஒரு ரயில்' என்ற முழக்கத்தோடு அது ஓடத் தொடங்கியது.

இதுவரை கேட்டால் பெரிய விஷயமாகத் தெரியாது. ஒரு மணிக்கு ஒரு ரயில் விடுவதில் என்ன கிறுக்கு இருக்கிறது? கிறுக்கு இனிமேல்தான் வருகிறது. கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும்.

நீங்கள் சூரிக்கிலிருந்து கிளம்பி, பெர்னில் இறங்கி, வேறு ரயில் பிடித்து மலையடிவாரத்தில் ஒரு ஊருக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெர்னிலிருந்து கிளம்பும் ரயில்கள் எல்லாம் மணி அடித்த சில நிமிடங்களில் புறப்படுபவை. சூரிக் ரயிலும் மணி கடந்து 2-ஆவது நிமிடம் கிளம்புகிறது. பயணத்துக்கு 70 நிமிடம் ஆகிறது என்றால் அது பெர்னுக்கு 12-ஆவது நிமிடத்தில் வந்து சேரும். இணைப்பு ரயில் அதற்குள் போயிருக்கும். மணிக்கு ஒரு ரயில்தான் என்றால் பெர்ன் நடைமேடையில் முக்கால் மணி நேரத்துக்குமேல் குளிரில் நிற்க வேண்டியதுதான். அதே பயணத்தை 56 நிமிடமாகக் குறைத்தால்? 2-க்குக் கிளம்பி 58-க்கு வந்துவிடும். இறங்கி, படி இறங்கி, அடுத்த நடைமேடைக்கு ஏறி, உட்காரும்போது ரயில் நகரும். ஓடும் நேரத்தில் குறைத்தது 14 நிமிடம், பயணிக்கு மிச்சமானது ஒரு முழு மணி நேரம்.

அதைவிடச் சுவாரசியமானது இதன் மறுபக்கம். கோடி கோடியாகச் செலவழித்து அந்த 56-ஐ 45 ஆக்கினால் என்ன கிடைக்கும்? ரயில் 47-க்கு வந்து நிற்கும், இணைப்பு என்னவோ அதே 2-க்கும் 4-க்கும்தான். சூரிக்கிலிருந்து பெர்னுக்கு மட்டும் போகிறவருக்கு லாபம் உண்டு, மறுக்கவில்லை. மாறிப் போகிறவர்களுக்கோ பதினொரு நிமிடம் ரயிலில் உட்காருவதற்குப் பதில் நடைமேடையில் நிற்கலாம், அவ்வளவுதான். ஆகவே முக்கியமான இரண்டு சந்திப்பு நிலையங்களுக்கு இடையில் பயணம் அரை மணிக்கு அல்லது ஒரு மணிக்கு ஒரு சில நிமிடம் குறைவாக இருந்தால் போதும். அதற்குமேல் வேகம் வீண். வேகம் அதற்குக் கீழே போனாலோ எல்லாமே பாழ்.

இந்தக் கணக்கு புரிந்தபிறகு அவர்கள் செய்ததுதான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பொதுவாக ஒரு நாடு முதலில் பாதை போடும், பிறகு அதில் எவ்வளவு வேகமாக ஓட்ட முடியும் என்று பார்க்கும், கடைசியாக அட்டவணை எழுதும். 1981-இல் பிரான்ஸ் பாரிஸ்-லியோன் அதிவேகப் பாதையைத் திறந்தபோது சுவிஸிலும் அந்த ஆசை இருந்தது. கிழக்கு மேற்காக நாட்டைக் குறுக்கே வெட்டும் புது அதிவேகப் பாதைக்குத் திட்டம் மேசையில் இருந்தது. ரயில் தங்கள் ஊரில் நிற்காமல் சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு பறக்கும் என்று வழியில் இருந்த ஊர்கள் எதிர்த்தன. அந்தத் திட்டத்தை ஒதுக்கிவிட்டு 'பான் 2000' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். முடிந்தவரை வேகமாக அல்ல, தேவையான அளவு வேகமாக என்பது அதன் கொள்கை. முதலில் கனவு அட்டவணையை வரைவது. எந்த இரண்டு ஊருக்கு இடையில் எத்தனை நிமிடம் உதைக்கிறது என்று பார்ப்பது. அந்த நிமிடங்களை வாங்குவதற்கு மட்டும் காசு செலவழிப்பது.

1987 டிசம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் 57 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். வாங்கிய நிமிடங்களிலேயே விலை அதிகமானது மாட்ஷ்டெட்டன்-ரோத்ரிஸ்ட் இடையே போட்ட 45 கிலோமீட்டர் புதுப்பாதை. அதில் உச்சவேகம் மணிக்கு 200 கிலோமீட்டர்தான், பிரெஞ்சுக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் சூரிக்-பெர்ன் பயணத்தை 56 நிமிடமாக்க அது போதும். ஜூரா மலையடிவாரத்தில் புதுப்பாதை போடாமல், வளைவில் சாய்ந்து ஓடும் ரயில்களை வாங்கி நிமிடங்களைச் சேர்த்தார்கள். 2004 டிசம்பர் 12 அதிகாலை நாட்டின் கிட்டத்தட்ட எல்லா ரயில்களின் நேரமும் ஒரே மூச்சில் மாறியது. ஒதுக்கிய 740 கோடி பிராங்கில் செலவானது சுமார் 590 கோடி. அரசாங்கத் திட்டம் ஒன்று மதிப்பீட்டைவிடக் குறைவாக முடிந்ததை நான் வேறெங்கும் அதிகம் படித்ததில்லை. (ஆரம்பத்தில் எண்ணியதில் சில பாதைகளைக் கைவிட்டதும் அதற்கு ஒரு காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

சரி, இது கண்ணுக்கு எப்படித் தெரியும்? பெர்ன் நிலையத்தில் மணிக்குக் கால் மணி இருக்கும்போது போய் நில்லுங்கள். பாதித் தண்டவாளங்கள் காலியாகக் கிடக்கும், காபிக் கடையில் ஆள் இருக்காது, ஏதோ விடுமுறை நாள் மாதிரி இருக்கும். 50-ஐத் தாண்டியதும் ஒவ்வொன்றாக வந்து நுழையும். 58-க்கு சூரிக் ரயில் வந்து நிற்கும்போது எல்லாத் திசையிலிருந்தும் வண்டிகள் வரிசையாக நிற்கும். சுரங்க நடைபாதை ஐந்து நிமிடத்துக்குத் தேர்த் திருவிழா மாதிரி நிறைந்து வழியும். பனிச்சறுக்குப் பலகையைத் தோளில் சாய்த்தவர், தள்ளுவண்டியில் குழந்தை, கோட்டு போட்டவர், எல்லாரும் ஒரே வேகத்தில் நடப்பார்கள், யாரும் ஓட மாட்டார்கள். 2, 4, 7 என்று நிமிடங்கள் நகர நகர ரயில்கள் ஒவ்வொன்றாக விலகும். பத்து நிமிடம் கடந்தால் மறுபடி காலி. முப்பதை ஒட்டி இன்னொரு தடவை இதே கூத்து. மூச்சு வாங்கி விடுகிற மாதிரிதான் இருக்கும். அதே நிமிடத்தில் சூரிக்கிலும் பாசலிலும் இதே மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் விஷயம்.

தலைக்குமேல் தொங்கும் கடிகாரத்தையும் பாருங்கள். ஹன்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற பொறியாளர் 1944-இல் வடிவமைத்தது, சிவப்பு நொடிமுள்ளைச் சேர்த்தது ஐம்பதுகளில். ரயிலுக்குக் கைகாட்டும் அலுவலர் பிடித்திருந்த வட்டத்தட்டின் வடிவம் அந்த முள். அது சுமார் 58 நொடியிலேயே ஒரு சுற்றை முடித்துவிட்டு, உச்சியில் ஒரு கணம் நின்றுவிடும். தலைமைக் கடிகாரத்திலிருந்து மின்துடிப்பு வந்ததும் நிமிடமுள் ஒரு தாவு தாவும், சிவப்பு முள் மறுபடி கிளம்பும். எல்லா நிலையங்களிலும் நிமிடம் ஒரே சமயத்தில் பிறக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கொஞ்சம் முன்னாலேயே வந்து, ஒரு நொடி காத்திருந்து, எல்லாரும் சேர்ந்து கிளம்புவது: ரயிலின் கதையும் அதுதான் என்பதால் எனக்கு அதை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுப்பதில்லை.

ரயிலோடு நின்றுவிட்டால் பாதிக் கதைதான். சின்ன நிலையத்தில் இறங்கினால் வாசலில் மஞ்சள் தபால் பஸ் நிற்கும். ஒரு காலத்தில் கடிதப் பையோடு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போன குதிரை வண்டியின் வாரிசு அது. இயந்திர வண்டியாக ஓடத் தொடங்கியது 1906-இல். அதன் நேரமும் ரயிலைப் பார்த்தே எழுதப்பட்டிருக்கும். மலைப்பாதையில் குருட்டு வளைவுகளில் மூன்று சுரத்தில் ஹாரன் அடிக்கும். ரொஸ்ஸினியின் 'வில்லியம் டெல்' இசையிலிருந்து எடுத்த சுரங்கள் அவை. எதிரே கார் வந்து சிக்கிக்கொண்டால் ஒதுங்கு, பின்னால் போ என்று உத்தரவு போடும் உரிமை அந்த மலைச்சாலைகளில் பஸ் ஓட்டுநருக்கு உண்டு, கார்க்காரர் கேட்டாக வேண்டும். வருடம் முழுக்க 100 பேர் வசிக்கும் இடமாக இருந்தால் பொதுப் போக்குவரத்துச் சேவைக்குத் தகுதி என்று விதிமுறையே இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,126 மீட்டர் உயரத்தில் யூஃப் என்று ஒரு ஊர், முப்பது பேரைச் சுற்றித்தான் ஜனத்தொகை, அங்கேயும் பஸ் போகிறது. லாபமா என்று கேட்டால் இல்லை. இந்தச் சேவைகளின் நஷ்டத்தைக் கூட்டாட்சி அரசும் கன்டோன் எனப்படும் மாநில அரசுகளும் பகிர்ந்து கட்டுகின்றன. அந்தப் பணத்தில் முறைகேடும் நடந்திருக்கிறது. தபால் பஸ் நிறுவனம் கணக்கை மாற்றி எழுதி அதிக மானியம் வாங்கியது 2018-இல் அம்பலமாகி, அஞ்சல் துறைத் தலைவரே பதவி விலக வேண்டிவந்தது.

டிக்கெட் விஷயத்திலும் இதே ஒட்டுமொத்தச் சிந்தனைதான். ரயில், டிராம், பஸ், ஏரியில் போகும் படகு என்று இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஓட்டினாலும், புறப்படும் இடத்திலிருந்து போய்ச்சேரும் இடம்வரை ஒரே டிக்கெட். நிலையத்தில் தடுப்புக் கதவு கிடையாது, நேராக நடந்து ஏறலாம். நடுவில் பரிசோதகர் வந்து டிக்கெட் இல்லை என்று கண்டால் 90 பிராங்குக்குக் குறையாமல் தண்டம். விலை? முழு விலை கொடுத்தால் கண்ணைக் கட்டும். சூரிக்-பெர்ன் ஒரு வழிக்கு 50 பிராங்குக்குமேல். ஆனால் உள்ளூர்க்காரர் யாரும் முழு விலை கொடுப்பதில்லை. வருடத்துக்கு 200 பிராங்குக்குள் பாதிக்கட்டண அட்டை ஒன்று உண்டு, அதை வாங்கினால் எல்லாம் பாதி விலை. 90 லட்சம் பேர் உள்ள நாட்டில் 30 லட்சத்துக்குமேல் அந்த அட்டை இருக்கிறது. அது மக்கள் அட்டையானது 1987-இல். அமில மழையில் காடுகள் அழிகின்றன என்ற பயம் பரவியிருந்த நேரம், காரிலிருந்து ஆட்களை இறக்குவதற்காக அதன் விலையை 100 பிராங்காகக் குறைத்தார்கள். இதற்கும் மேலே, சுமார் 4,000 பிராங்குக்கு ஒரு வருடம் நாடு முழுவதும் எதிலும் ஏறலாம் என்ற பொது பாஸ், அதை 4 லட்சத்துக்குமேல் வைத்திருக்கிறார்கள். நண்பனின் அப்பா பாதிக்கட்டணக்காரர். வெள்ளிக்கிழமைகளில் பெர்ன் ஐரோப்பா சதுக்கத்துக்குப் போவார். அங்கே 2014 டிசம்பரில் திறந்த சமயங்களின் இல்லத்தில் சைவக் கோயில் இருக்கிறது, உள்ளூர் ரயில் நிலையம் பக்கத்திலேயே.

காசு எங்கிருந்து வருகிறது என்பதற்கு வாக்குச்சீட்டுகளைத்தான் பார்க்க வேண்டும். ஆல்ப்ஸ் ரயில் சுரங்கங்கள் 1992-இல் வாக்கெடுப்புக்கு வந்தன. ஆல்ப்ஸைக் கடக்கும் சரக்கை லாரியிலிருந்து ரயிலுக்கு மாற்ற வேண்டும் என்பது 1994-இல், வெறும் 51.9 சதவீத ஆதரவில் தப்பிப் பிழைத்தது. கனரக லாரிகள் ஓடும் தூரத்துக்கும் எடைக்கும் ஏற்ப வரி 1998-இல், ரயில் கட்டமைப்புக்கு நிரந்தர நிதி 2014-இல். லாரி வரிப்பணத்தில் ஒரு பகுதி ரயில் சுரங்கமானது. 2016-இல் திறந்த 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கத்தைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றுதான் சேர்ப்பேன். 2023 ஆகஸ்டில் ஒரு சரக்கு ரயிலின் சக்கரம் உடைந்து உள்ளே தடம்புரண்டு, 7 கிலோமீட்டர் பாதையை நாசமாக்கியது. முழுதாகத் திறக்க ஒரு வருடத்துக்குமேல் ஆனது. அதுவரை பெரும்பாலான பயணிகள் ரயில்கள் 1882-இல் திறந்த பழைய மலைப்பாதை வழியாகத்தான் போயின. புதிது வந்ததும் பழையதைப் பிடுங்கிப் போடாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

இவ்வளவையும் படித்துவிட்டு அங்கே யாரும் கார் ஓட்டுவதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். உள்நாட்டில் மக்கள் போகும் மொத்தத் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் காரில்தான். 2024 நவம்பரில் நெடுஞ்சாலை விரிவாக்கத்தை 52.7 சதவீதம் பேர் நிராகரித்தார்கள் என்றால், மீதி 47 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள் என்றும் அர்த்தம்.

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கட்டிவைத்திருப்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, ஒரு நூலை இழுத்தால் மொத்தத் துணியும் சுருங்கும். 2005 ஜூன் 22 மாலை, ரயில்வேயின் சொந்த மின்கட்டமைப்பில் சில மின்தடங்களை வேலைக்காக நிறுத்தியிருந்தபோது மற்றவை சுமை தாங்காமல் விழுந்தன. வீடு திரும்பும் நேரத்தில் நாடு முழுக்க ரயில்கள் நின்ற இடத்தில் நின்றன. சுமார் இரண்டு லட்சம் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். தினசரித் தலைவலி வடக்கிலிருந்து வருகிறது. சுவிஸில் 3 நிமிடத்துக்குள் வந்தால்தான் சரியான நேரம், 2024-இல் அப்படி வந்தது 93 சதவீதம். ஜெர்மனியில் 6 நிமிடம்வரை சலுகை கொடுத்தும், தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் தேறியது. ஒரு ஜெர்மன் ரயில் இருபது நிமிடம் பிந்தி உள்ளே நுழைந்தால் அது மட்டுமா பிந்தும், வழியில் உள்ள சந்திப்பெல்லாம் குழம்பும். அதனால் அளவுக்குமேல் தாமதமாக வரும் ரயிலை எல்லையிலேயே, பாசலில், முடித்துவிடுகிறார்கள். பயணிகளை இறக்கி, தயாராக வைத்திருக்கும் சுவிஸ் ரயிலில் ஏற்றி, சரியான நிமிடத்துக்கு அனுப்புகிறார்கள். பெட்டி படுக்கையோடு இறங்குகிறவருக்கு எரிச்சல்தான், கணக்குப்படி அதுதான் நியாயம்.

சொந்த வீட்டுப் பிழை ஒன்று இதைவிடப் பெரியது. லொசான்-பெர்ன் பயணம் இன்றைக்கும் ஒரு மணி நேரத்தைவிடச் சில நிமிடம் கூடுதல். மேலே போட்ட கணக்கில் பாழ் என்று சொன்னேனே, அந்த இடம். புதுப்பாதைக்குச் செலவழிக்காமல், வளைவில் சாய்வைச் சமன்செய்து வேகமாக ஓடும் அடுக்குமாடி ரயில்களால் இந்த மாதிரிப் பாதைகளில் நிமிடங்களை மிச்சம் பிடிக்கலாம் என்று நம்பி, 2010-இல் 190 கோடி பிராங்குக்கு வாங்க முடிவெடுத்தார்கள். வண்டிகள் பல வருடம் தாமதமாக வந்தன. வந்தபிறகும் ஆட்டமும் தண்டவாளத் தேய்மானமும் சரிப்படவில்லை. 2022-இல் அந்த வேகத் திட்டத்தையே கைவிட்டார்கள். வாங்காத நிமிடங்களின் மேல் கட்டியிருந்த அட்டவணை சரிந்தது, அதைச் சரிக்கட்டவும் வேறு வேலைகளுக்குமாக 2035-ஐக் குறிவைத்த ரயில் விரிவாக்கத் திட்டத்துக்கு இன்னும் 1,400 கோடி பிராங்க் தேவைப்படும் என்று 2024-இல் அரசு சொன்னது. லொசான் நிலையத்தை விரிவாக்கும் வேலையும் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறது. கட்டுமானம் நடக்கிற இடத்தில் நேரத்தைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல், 2024 டிசம்பரில் பிரெஞ்சு பேசும் மேற்குப் பகுதியின் அட்டவணையையே மாற்றி, பல பயணங்களை நீட்டிவிட்டார்கள்.

நண்பனின் அக்கா லொசானில் இருக்கிறாள். அட்டவணை மாறிய அந்த வாரம், பல வருடப் பழக்கத்தில் பழைய நிமிடத்துக்கே நிலையத்துக்குப் போய், காலியான நடைமேடையைப் பார்த்துவிட்டு அப்பாவைக் கைப்பேசியில் கூப்பிட்டாளாம். "புது நிமிசம் என்னவாம்?" என்று மட்டும் கேட்டார், குறித்து வைத்துக்கொள்ள.